முன்குறி உடைந்துவிட்டதா? ஏர் ரைஃபிளுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் சுடும் இடம் ஒரு பழைய தகரக் கொட்டகை. போன ஆனி மாதம், மேலப்பாளையத்திலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குண்டுகள் திடீரென்று இலக்கு அட்டை முழுக்கச் சிதறத் தொடங்கின. முந்தைய வாரம் வரை ஒன்பது புள்ளி வளையத்துக்குள் அடங்கிய கை அது. மூச்சை அடக்கவில்லை என்றேன், விசையைப் பறிக்கிறாய் என்றேன். அவள் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டு மீண்டும் சுட்டாள், மீண்டும் சிதறியது. நாற்பதாவது குண்டுக்குப் பிறகு ரைஃபிளை வாங்கி, குறிபார்ப்பதற்காகக் குழல் முனையில் இருந்த முன்குறியை நகத்தால் தள்ளிப் பார்த்தேன். அசைந்தது. வாரத்தின் நடுவில் யாரோ சுவரில் சாய்த்து வைத்து அது சரிந்து விழுந்திருக்கிறது. முன்குறியைப் பிடிக்கும் சிறிய ஸ்க்ரூவின் மரை தேய்ந்துபோயிருந்தது. குறை குழந்தையின் கையில் இல்லை, அரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஸ்க்ரூவில் இருந்தது. அந்த நாற்பது குண்டுகளுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு வந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள்: முன்குறியை மாற்ற வேண்டும், எதைப் போடுவது? பழையது போலவே ஒன்றா, வளையம் மாற்றும் வகையா, சுருங்கி விரியும் ஐரிஸ் வகையா, அல்லது நம் ஊர் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமா?

குறிபார்க்க உதவும் இரண்டு துண்டுகளை, குழல் முனையில் இருப்பதையும் கண்ணுக்கு அருகில் இருப்பதையும், களத்தில் எல்லோரும் ஃபோர்சைட், பேக்சைட் என்றுதான் சொல்கிறோம். இங்கே முன்குறி, பின்குறி என்று எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நான் பேசுவது 10 மீட்டரில் அட்டை இலக்கைச் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டுமே. குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத இந்த வகைக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. என்சிசி மாணவர்கள் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிள் அப்படிப்பட்டதல்ல. அதன் முன்குறி கோணலாக இருப்பதாகத் தோன்றினால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், அதைத் தொட வேண்டியவர் படைப்பிரிவின் ஆயுதப் பழுதுநர்.

## எதை வைத்து எடைபோடுவது

கடைக்குப் போனவுடன் நாம் கேட்பது விலை. விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை ஐந்து.

பின்குறி எந்த வகை? எல்லாவற்றையும் முடிவு செய்யும் கேள்வி இது. பின்குறி வெட்டுப்பள்ளம் போட்ட திறந்த வகை என்றால், முன்னால் நிமிர்ந்து நிற்கும் கம்பு, அதாவது போஸ்ட், தான் அதனோடு சேரும். ஊசித்துளை வழியே பார்க்கும் பீப் சைட் என்றால் முன்னால் வளையம் சேரும். திறந்த பின்குறியை வைத்துக்கொண்டு முன்னால் வளையம் மாட்டினால், கண் பள்ளத்தைப் பார்ப்பதா வளையத்தைப் பார்ப்பதா என்று தத்தளிக்கும்.

உயரம் எவ்வளவு? குழலின் நடுக்கோட்டிலிருந்து முன்குறியின் உச்சி வரை, வளையம் என்றால் வளையத்தின் மையம் வரை உள்ள அளவு. இதைத்தான் யாருமே கேட்பதில்லை, இதில்தான் பணம் வீணாகிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 700 மி.மீ. இருக்கும் ரைஃபிளில் முன்குறி 1 மி.மீ. உயர்ந்தால், 10 மீட்டரில் குண்டு சுமார் 14 மி.மீ. கீழே இறங்கும். குழலை மடக்கி உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கும் சாதாரண மடக்கு ரைஃபிளில் இரண்டு குறிகளும் பெரும்பாலும் குழலிலேயே இருக்கும், இடைவெளி 420 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதே 1 மி.மீட்டருக்கு 24 மி.மீ. இறங்கும். போட்டி அட்டையில் ஒரு புள்ளி வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ.தான். 24 மி.மீ. என்றால் ஒன்பது வளையங்களுக்கு மேல்.

வெளிச்சம் எப்படி? உள்ளரங்கில் இலக்கின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் கொட்டகைகளில் காலை ஏழு மணிக்குக் கிழக்கு வெயில் பக்கவாட்டில் அடிக்கும், பத்து மணிக்குக் கூரை நிழல் இலக்கின் மேல் ஏறும். ஒரே பயிற்சியில் இரண்டு வெளிச்சம்.

எத்தனை பேர் சுடுகிறார்கள்? ஒருவர் மட்டும் சுடும் ரைஃபிளுக்கும், ஆறு மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் பள்ளி ரைஃபிளுக்கும் பொருத்தமானது வேறுவேறு.

எந்தப் பிரிவில் போட்டி? மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஓபன் சைட், பீப் சைட் என்று தனித்தனிப் பிரிவுகள் வைப்பதுண்டு. ஓபன் சைட்டில் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைக்கு வளையம் வாங்கிக் கொடுத்தால் அது பெட்டியில்தான் கிடக்கும். சர்வதேச விதியில் முன்குறியில் லென்ஸ் கூடாது, டனலின், அதாவது முன்குறியைச் சுற்றியிருக்கும் குழாயின், நீளம் 50 மி.மீ., விட்டம் 25 மி.மீ. தாண்டக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | பழைய மாதிரியே போஸ்ட் | வளையம் மாற்றும் டனல் | ஐரிஸ் முன்குறி | லேத்தில் கடைந்தது |
|---|---|---|---|---|
| சேரும் பின்குறி | திறந்த பள்ளம் | பீப் சைட் | பீப் சைட் | எதற்கு வேண்டுமோ அதற்கு |
| உயரம் மாறுமா | மாறாது | பெரும்பாலும் மாறும் | மாறலாம் | அளந்து சொன்னால் மாறாது |
| வெளிச்சம் மாறினால் | குண்டு மேலும் கீழும் நகரும் | அதிகம் நகராது | அங்கேயே சரிசெய்துகொள்ளலாம் | உள்ளே வைக்கும் குறியைப் பொறுத்தது |
| பலர் சுட்டால் | நன்று | நன்று, வளையம் தொலையும் | ஒருவர் திருகியதில் மற்றவர் சுடுவார் | நன்று |
| வெளியே தெரியாத செலவு | ஏறக்குறைய இல்லை | பீப் சைட், கன்னம் பதிக்கும் கன்னப்பலகை | இறக்குமதி வரி, காத்திருப்பு | இரண்டு மூன்று முறை அலைச்சல் |

## பழைய மாதிரியே ஒரு போஸ்ட்

வீட்டில் இருக்கும் மடக்கு ரைஃபிளுக்கு இதுதான் என் முதல் பதில். விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். உயரம் மாறாததால் பின்குறியின் திருகை மூன்று நான்கு கிளிக் நகர்த்தினாலே பழைய ஜீரோ, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும் நிலை, திரும்பிவிடும். மடக்கு ரைஃபிளில் இன்னொரு நன்மையும் உண்டு. குழலும் உடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் சற்றே தலைகுனிந்திருப்பது இந்த வகையில் சாதாரணம். இரண்டு குறிகளும் குழலிலேயே இருந்தால் அந்தக் குனிவு கணக்கில் வராது. பின்குறியை உடலின் மேல் கொண்டுபோய் வைத்தால்தான் அது தலைவலி.

வாங்கும்போது பிளாஸ்டிக் முன்குறியைத் தவிர்த்து உலோகத்தில் கேளுங்கள். ஒரு முறை கீழே விழுந்தாலே பிளாஸ்டிக் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும்.

இதன் குறை வெளிச்சத்தில் இருக்கிறது. கறுப்பு வட்டத்தைப் போஸ்டின் தலையில் உட்காரவைத்து, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று விட்டுக் குறிபார்க்கிறோம். வெளிச்சம் கூடும்போதும் குறையும்போதும் அந்தக் கீற்றின் தடிமன் கண்ணுக்கு மாறித் தெரியும், குண்டு மேலேறும் அல்லது இறங்கும். பக்கவாட்டு வெயில் இதைவிட மோசம். போஸ்டின் ஒரு விளிம்பு மினுங்கினால் கண் அந்த மினுக்கத்தையே போஸ்ட் என்று எடுத்துக்கொண்டு மையத்தைத் தவறவிடும்.

இதற்குப் பழைய சுடுநர்கள் கைக்கொண்ட வைத்தியம் கற்பூரம். ஒரு வில்லையைத் தகர மூடியில் ஏற்றி, உலோகப் போஸ்டைச் சுடருக்கு மேலே, புகை நுனி மட்டும் தொடும் உயரத்தில் பிடிக்க வேண்டும். கண்மை கூட்டுவதைப் பார்த்தவர்களுக்குக் கை தானாக வரும். பத்து விநாடியில் போஸ்டின் மேல் வெல்வெட் போன்ற கரி படிந்துவிடும். அந்தக் கறுப்பில் துளி மினுக்கம் இருக்காது. விரல் பட்டால் போய்விடும், ஆகவே அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். பிளாஸ்டிக் போஸ்டில் செய்தால் உருகிவிடும். முன்குறியைக் கழற்றி எடுத்து, காற்றுச் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

## வளையம் மாற்றும் டனல்

பீப் சைட் இருக்கும் ரைஃபிளுக்கும், பள்ளி ரைஃபிளுக்கும் நான் தயங்காமல் சொல்வது இது. குட்டிக் குழாய் ஒன்று, அதன் முன்னே திருகி இறுக்கும் ஒரு வளையம், உள்ளே விருப்பப்படி மாற்றும் குறிவளையங்கள். எம் 18, எம் 22 என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. ஒன்றின் வளையம் மற்றதில் பொருந்தாது. கூரியரில் வரவழைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

வளையத்தின் அளவை எப்படித் தேர்வது? இதற்குக் கணக்கு இருக்கிறது, ஊகம் வேண்டாம். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம். கண்ணிலிருந்து முன்குறி 90 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்தக் கறுப்பு, முன்குறி இருக்கும் இடத்தில் சுமார் 2.7 மி.மீ. அகலமாகத் தெரியும். 3.2 மி.மீ. வளையம் போட்டால் இருபுறமும் கால் மில்லிமீட்டர் வெள்ளைதான் மிஞ்சும். மனித உடல் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. அந்தக் கால் மில்லிமீட்டர் வெள்ளை ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மறைந்து மறைந்து தோன்றும், பார்க்கும் பிள்ளை பதறிப்போய் விசையைப் பறிக்கும். 4 மி.மீ. வளையத்தில் இருபுறமும் 0.6 மி.மீ. வெள்ளை கிடைக்கிறது. வட்டத்துக்குள் வட்டம் நிம்மதியாக மிதக்கும். புதிதாகச் சுடுகிறவர்கள் சின்ன வளையம் துல்லியம் தரும் என்று நம்பி வாங்குகிறார்கள். பெரிய வளையத்தில் தொடங்கச் சொல்லுங்கள், புள்ளி ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உலோக வளையமா, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் வளையமா? நிறமேற்றிய பிளாஸ்டிக் பார்க்க இதமாக இருக்கும், ஆனால் எங்கள் பக்கத்துப் புழுதியும் பக்கவாட்டு வெயிலும் அதற்கு எதிரி. துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து, வெளிச்சம் பட்டதும் மங்கலாகப் பூத்துக்கொள்ளும். திறந்த கொட்டகைக்கு உலோகமே நல்லது.

இப்போது வெளியே தெரியாத செலவு. பழைய போஸ்டை எடுத்துவிட்டு டனல் போட்டால் வளையத்தின் மையம் பெரும்பாலும் பழைய போஸ்டின் உச்சியைவிட உயர்ந்து நிற்கும். 1.5 மி.மீ. உயர்ந்தால் பின்குறியும் 1.5 மி.மீ. உயர வேண்டும். பின்குறியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடம் இருந்தாலும், கண்ணும் அதே அளவு உயர வேண்டுமே! போட்டி ரைஃபிளில் கன்னப்பலகையைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம். பள்ளியில் இருக்கும் பழைய மரக்கட்டையில் அது முடியாது. பிள்ளை கன்னத்தைப் பதிக்காமல் தலையைத் தூக்கியே சுடும், கழுத்து வலிக்கும், இருபதாவது குண்டிலிருந்து, குண்டுகள் சேர்ந்து விழும் கொத்து அகலும். மெல்லிய ரப்பர் தாளை வெட்டிக் கன்னம் படும் இடத்தில் ஒட்டினால் தீரும் பிரச்சினைதான், ஆனால் காரணம் முன்குறியில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

பள்ளிகளுக்கு இன்னும் ஒன்று. வளையங்களை ஒரு சிறிய மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியில் அளவை எழுதி, பொறுப்பை ஒரே மாணவரிடம் கொடுங்கள். கொட்டகைத் தரையில் விழுந்த வளையத்தைத் தேடி எடுக்க முடியாது.

## ஐரிஸ் முன்குறி

கேமராவின் கண் போல, வெளிவளையத்தைத் திருகினால் உள்வட்டம் விரியும், சுருங்கும். நல்ல பொருள்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிளையும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் சுட்டதையும் காணொளிகளில் பார்க்கும் பிள்ளைகள், பெரிய வீரர்களின் ரைஃபிளில் இருப்பதெல்லாம் தமக்கும் வேண்டும் என்று கேட்பது இயல்பு.

இறக்குமதி ஐரிஸ் ஒன்றின் விலை வரியும் கூரியரும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். பழுதானால் உள்ளூரில் திறந்து சரிசெய்ய ஆள் கிடைக்காது. அந்தப் பணத்துக்கு எத்தனை டின் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, வரும் என்று கணக்குப் போடுங்கள்.

எப்போது தகும்? பிள்ளை ஓராண்டாவது ஒரே ரைஃபிளில் சுட்டிருக்க வேண்டும், நின்ற நிலையில் கொத்து ஒன்பதுக்குள் உறுதியாக அடங்க வேண்டும், வெவ்வேறு ஊர்களின் அரங்கங்களுக்குப் போகத் தொடங்கியிருக்க வேண்டும். அரங்குக்கு அரங்கு வெளிச்சம் மாறும்போது வளையத்தைக் கழற்றாமல் அங்கேயே அரைத் திருகு திருகிக்கொள்ளும் வசதிக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. போட்டியில் தயாரிப்புக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது 15 நிமிடம். அந்த நேரத்தில் ஐரிஸ் உண்மையாகவே உதவும்.

ஆறு பேர் கைமாற்றும் ரைஃபிளில் மட்டும் வேண்டாம். ஒருவர் தன் கண்ணுக்குத் திருகிவைப்பார், அடுத்தவர் அது தெரியாமல் சுடுவார்.

## லேத்தில் கடைவது

எங்கள் மாணவியின் ரைஃபிளுக்குக் கடைசியில் இந்த வழியைத்தான் எடுத்தோம். அதற்கு ஒரு டனல் கிடைத்தது, ஆனால் டனலின் பட்டை குழலின் விட்டத்தைவிடப் பெரியது. நடுவில் இடைவெளியை நிரப்பும் ஒரு புஷ், அதாவது உலோக உறை, வேண்டியிருந்தது. பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்காரரிடம் போனேன்.

"எத்தனை நூல் வேண்டும் அண்ணாச்சி?" என்றார்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். பட்டறையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கதவுக்கும் குழாய்க்கும் அந்தக் கணக்கு போதும். நான் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னேன். அவர் மனத்துக்குள் நூலாக மாற்றிக்கொண்டு அழகாகக் கடைந்தார். மாட்டிப் பார்த்தபோது அரை நூல் உயரம் கூடியிருந்தது. அரை நூல் என்பது சுமார் 1.6 மி.மீ. எங்கள் 700 மி.மீ. இடைவெளிக்கு அது 10 மீட்டரில் ஏறத்தாழ 23 மி.மீ. இலக்கின் மையத்திலிருந்து கடைசி வளையத்தின் விளிம்பே 22.75 மி.மீ.தான். ஐந்து குண்டும் கறுப்புக்குக் கீழே வெள்ளையில், விரல் நகம் அளவு இடத்தில் கொத்தாக விழுந்திருந்தன. அவள் அந்தக் கொத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் முறையாகக் குண்டுகள் ஒரே இடத்தில் போயிருக்கின்றன அல்லவா.

இரண்டாம் முறை வெர்னியரில் மூன்று இடங்களில் அளந்து, படம் வரைந்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் புஷ்ஷைக் கடைந்து இறக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் கைத்திறனில் குறை இல்லை, நான் சொன்ன அளவில்தான் இருந்தது.

இந்த வழிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரைஃபிளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குழலின் விட்டத்தை அளந்து அதே அளவுள்ள ஒரு தண்டைக் கொடுத்தால் போதும். அலுமினியமோ பித்தளையோ போதுமானது. புஷ் ஒரு பக்கம் பிளந்திருக்க வேண்டும், இறுக்கும்போது அது குழலைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். குழலில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஒரு பிசிறு எழுந்தால் அந்தக் குழல் அதோடு சரி.

கடைகளில் இணையான உதிரி கிடைக்காத பழைய ரைஃபிள்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. புதிய ரைஃபிளுக்கு இது தேவையில்லாத அலைச்சல்.

## மாற்றிய பிறகு ஜீரோ

எதை வாங்கினாலும் இந்தப் பகுதி பொது. ஜீரோ செய்யாத முன்குறி வெறும் அலங்காரம்.

நேரம் முக்கியம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று விடியலில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற எழும்பும். போட்டி பெல்லட் தட்டையான முகம் கொண்ட, அரை கிராம் எடையுள்ள ஈயத்துண்டு. வினாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும் அதைத் திறந்த கொட்டகையின் பக்கக் காற்று வளையம் தாண்டித் தள்ளிவிடும். காற்றை ஜீரோவில் சேர்த்துவிட்டால் காற்றில்லாத அரங்கில் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும். காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடியுங்கள்.

பழைய முன்குறியைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரைஃபிள் காலியாக இருப்பதையும் காற்றழுத்தம் இல்லாததையும் இரண்டு முறை பாருங்கள். தட்டி எடுக்கும் வகை என்றால் பித்தளைக் குச்சியால் தட்டுங்கள், இரும்பு பட்டால் வடு விழும்.

புதியதை மாட்டியதும் அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை இலக்குச் சுவரில் தொங்கவிட்டு, ரைஃபிளைத் தாங்கியில் நேராக நிறுத்தி, போஸ்டையோ வளையத்தின் கால்களையோ அந்த நூலோடு ஒப்பிடுங்கள். முன்குறி சாய்ந்திருந்தால், பின்குறியை மேலே திருகும்போது குண்டு மேலே மட்டும் போகாமல் பக்கத்திலும் நகரும். என்ன செய்தாலும் கொத்து மூலைவிட்டமாக ஓடுகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் ரைஃபிளில் முன்குறி சாய்ந்துதான் இருக்கும்.

அடுத்து, பின்குறியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருகிக் கிளிக்குகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். மேல் கீழுக்கும் இடம் வலத்துக்கும் தனித்தனியாக. எதிர்காலத்தில் எந்தப் பக்கம் திருத்த வேண்டியிருந்தாலும் இடம் இருக்கும்.

இப்போது சுடலாம். தாங்கியில் வைத்து, ஒரே டின் பெல்லட்டில், ஐந்து குண்டு. ஒரு குண்டைப் பார்த்து எதையும் திருகாதீர்கள். ஐந்தின் கொத்துக்கு நடுவே ஒரு புள்ளி வையுங்கள், அந்தப் புள்ளிக்கும் இலக்கின் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளங்கள்.

பெரிய பிழையை முன்குறியில் திருத்துங்கள், சிறு பிழையைப் பின்குறியில். கணக்கு இது: பிழையை இரு குறிகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். கொத்து 12 மி.மீ. இடப்பக்கம் விழுந்திருக்கிறது, இடைவெளி 420 மி.மீ. என்றால், 12 பெருக்கல் 420 வகுத்தல் 10,000, விடை அரை மில்லிமீட்டர். முன்குறியை அரை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம்? இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். குண்டு போன பக்கமே முன்குறியும் போக வேண்டும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம், மேலே போனால் மேலே. பின்குறி இதற்கு நேர்மாறு, குண்டு எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் திருக வேண்டும். இந்த இரண்டு வரியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.

குண்டு கீழே விழுந்து, பின்குறியில் மேலேற்ற இடமே இல்லை என்றால் உலோகப் போஸ்டின் தலையை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். மேற்சொன்ன கணக்கின் பாதியளவு தேய்த்து, சுட்டுப் பார்த்து, பிறகு மீதி. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

பின்குறியின் ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்பதையும் புத்தகத்தை நம்பாமல் அளந்துவிடுங்கள். பத்துக் கிளிக் திருகி ஐந்து குண்டு சுட்டு, இரண்டு கொத்துகளின் தூரத்தைப் பத்தால் வகுத்தால் உங்கள் ரைஃபிளின் அளவு கிடைத்துவிடும். போட்டி நாளில் பதற்றமில்லாமல் இரண்டு கிளிக், மூன்று கிளிக் என்று திருக முடியும்.

இலக்கின் பின்னால் காம்பவுண்டுச் சுவரை மட்டும் நம்பிச் சுடாதீர்கள். ஈயம் தெறிக்கும். சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டியும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடாதீர்கள். ஜீரோ சரியாக இருக்கிறதா என்று காக்கையிலும் கொக்கிலும் பார்க்கிறவர்களை நான் பயிற்சியில் சேர்ப்பதில்லை. வலசை வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் கூந்தன்குளம் நம் மாவட்டத்து ஊர்தான்.

எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூவை அலன் கீயால் இறுக்கி, அதன் தலையிலிருந்து முன்குறியின் உடல் வரை குறுக்காக ஒரு கோடு நகப்பூச்சால் போடுங்கள். ஸ்க்ரூ மயிரிழை அசைந்தாலும் அந்தக் கோடு உடைந்து தெரியும். எங்கள் மாணவியின் ரைஃபிளில் அவளே கொண்டுவந்த சிவப்புப் பூச்சில் அந்தக் கோடு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் குண்டுக்கு முன் ரைஃபிளை வெளிச்சத்துக்குத் திருப்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும் இடத்துக்குப் போகிறாள்.